நிறுத்தச் சொல்லி எழுதவில்லையே

கிளோத் ஆதிமூலத்தை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கார் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து ஐந்து, ஜூன் மாதம். கண்டமங்கலத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு குழாய் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலையை உறுதி செய்துகொண்டு, சாயங்காலம் அறை தேடி உழவர்கரைக்கு வந்திருந்தேன். “சொல்தா வீட்டு மாடி காலியா கெடக்குது, போய்க் கேளு” என்று டீக்கடையில் அனுப்பிவைத்தார்கள். என் கையில் சான்றிதழ் ஃபைல். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாடகைக்கு அறை கேட்கவும் அது வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஃபைலை அவர் தொடவே இல்லை.

“என்னா படிச்சிருக்க?”

“பி.காம். சார். ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

“கார் ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“பியெங். நல்லது. ஓட்டத் தெரியாதவனால ஊருக்கு ஆபத்து இல்ல. தெரியும்னு நெனச்சிகினு இருக்கறான் பாரு, அவனாலதான் எல்லாம்.” பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு எழுந்தார். “ரூமப் பாரு. தண்ணி காலைல மட்டும்தான் வரும்.”

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். கிளோத்தின் அப்பா அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டவர். அதனால் மகன் பதினெட்டு வயதில் கப்பலேறி ராணுவத்தில் சேர்ந்தார். லாரி ஓட்டுவது அவர் வேலை. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், மலைப்பாதையில், பனியில் எல்லாம் ஓட்டியிருக்கிறார். “ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல” என்பார். ஓய்வுக்குப் பிறகு பாரீசுக்குப் பக்கத்தில் மகள் அலெக்சாந்த்ரா வீட்டில் கொஞ்ச காலம் இருந்தார்கள். மனைவி செல்வாம்பாளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. உழவர்கரையில் இருந்த அப்பா வீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்த கையோடு வாங்கியது அந்த வெள்ளைக் கார்.

அவர் காரில் போவது ஒரு பாடம். பின்னால் உட்காருகிறவரும் பெல்ட் போட வேண்டும். சிக்னலில் போலீஸ் இல்லாவிட்டாலும், சாலையே காலியாக இருந்தாலும், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பார். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள்.

“யோவ் பெரிசு, ஒரு போலீசுகூட இல்ல. யாருக்கு மரியாத குடுத்துகினு நிக்கிற?”

“வெளக்குக்கு” என்பார், திரும்பாமல்.

கண்ணாடியின் கீழ்மூலையில் ஒரு சதுரத் தாள் ஒட்டியிருந்தது. பிரான்சில் இன்சூரன்ஸ் எடுத்த காரெல்லாம் அப்படி ஒரு சதுரத்தைக் கண்ணாடியில் ஒட்டியாக வேண்டுமாம். இங்கே யாரும் கேட்பதில்லை. அவர் விடவில்லை. கார் வாங்கியபோது கொடுத்த பாலிசியை நகலெடுத்து, எண்ணும் தேதியும் தெரிகிற பகுதியை வெட்டி ஒட்டியிருந்தார். வெயிலில் அது வெளுத்துப்போய், தெருப் பையன்கள் அதை ஏதோ வெளிநாட்டு பெர்மிட் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் இன்சூரன்ஸ் இல்லாமல் கார் ஓட்டுகிறார் என்று யார் சொல்லியிருந்தாலும் நான் சிரித்திருப்பேன்.

அடுத்த வருடம் நவம்பர். மூன்று நாளாக மழை. கம்பெனிக்குக் கிளம்பி வாசலில் குடையோடு போராடிக்கொண்டிருந்தேன். “ஏறு தம்பி, விட்டுட்டு வந்துடறேன்” என்றார் கிளோத். வழுதாவூர் சாலையில் ஒரு ஷேர் டெம்போ நின்று, வேலைக்குப் போகும் பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பிறகு போலீசிலும் கோர்ட்டிலும் அதையே சொன்னேன். டெம்போவின் முன்பக்கமிருந்து ஒரு பெண், தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு, குனிந்தபடி குறுக்கே ஓடிவந்தாள். கிளோத் பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றுவிட்டது, கார் நிற்கவில்லை. சேற்றுத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போனது. பெரிய சத்தம்கூட இல்லை. ஒரு டிபன் பாக்ஸ் பறந்து வந்து எங்கள் கண்ணாடியில் மோதிச் சோறு சிதறியது.

இறங்கி ஓடினோம். அவள் உட்கார்ந்திருந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. “சோறு போச்சே, சோறு போச்சே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் சேர்வதற்குள் கிளோத் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டார். தன் சட்டையைக் கழற்றிக் காலுக்கு இருபக்கமும் என் குடைக்கம்பையும் கார் ஜாக்கியின் கைப்பிடியையும் வைத்துக் கட்டினார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவளிடம் பேசிக்கொண்டே ஓட்டினார்.

“பேரு என்னாம்மா?”

“தனக்கொடி.”

“தனக்கொடி, தூங்காத. என் முகத்த கண்ணாடில பாரு. வீட்டுக்காரர் எங்க வேல செய்றாரு?”

“தேங்காய்த்திட்டு... மீன் லோடு...”

“கவலப்படாத. எங்கிட்ட அஸ்யூரான்ஸ் இருக்குது. எல்லாத்தையும் அவன் பாத்துக்குவான்.”

அஸ்யூரான்ஸ் என்றால் இன்சூரன்ஸ். அன்று காலை அந்த வார்த்தையை அவர் எத்தனை பேரிடம் சொன்னார் என்று எனக்குக் கணக்கில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம், சீட்டு எழுதுபவரிடம், டாக்டரிடம் எல்லாம் சொன்னார். சீட்டு எழுதியவர் எத்தனை மணிக்கு அடிபட்டது என்று கேட்டபோது, கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி, “எட்டு அடிக்கப் பத்து நிமிஷம்” என்றார், ராணுவத்தில் ரிப்போர்ட் சொல்வதுபோல.

தனக்கொடியின் கணவர் அம்மாவாசை, தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்திலிருந்து அப்படியே ஓடிவந்தார். முன்பு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை போனபின் மீன் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. முழங்கால்வரை ஐஸ் தண்ணீர், உடம்பெல்லாம் மீன் செதில். அவரோடு நாலைந்து ஆட்கள். வந்த வேகத்தில் கிளோத்தின் பனியனைப் பிடித்தார்.

“கார்ல போனா ரோட்டுல மனுசாள் தெரியாதா உனக்கு?”

கிளோத் தடுக்கவில்லை. “தப்பு என்னுதா அவங்களுதான்னு அப்புறம் பேசலாம். கால் எலும்பு ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்குது. ஆப்பரேசன் செய்யணும், பிளேட்டு வெளியில வாங்கணும், மாசக்கணக்குல படுக்கணும். எல்லாத்துக்கும் அஸ்யூரான்ஸ் குடுக்கும். நான் சொல்றேன், இது என் வார்த்த.”

பிடி கொஞ்சம் தளர்ந்தது. “நெசமா?”

“நெசம்.”

அந்த வார்த்தை அரை மணி நேரம்தான் தாங்கியது.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளுக்குக் கீழே அந்த வெளுத்த சதுரம். குனிந்து கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

“சார், இது முடிஞ்சி ஒரு வருசத்துக்கு மேல ஆவுதே. புதுசு எங்க?”

கிளோத்துக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. “முடியாது சார். நான் நிறுத்தச் சொல்லி எழுதலியே.”

“யாருக்கு எழுதல?”

“அஸ்யூரான்சுக்கு. நிறுத்தணும்னா நாமதான் ரிஜிஸ்டர் தபால்ல எழுதணும். எழுதாத வரைக்கும் வருஷா வருஷம் அது பாட்டுக்கு ஓடும். பணம் பேங்குல அவனே எடுத்துக்குவான்.”

“எந்த ஊர்ல?”

கிளோத் திரும்பிக் கண்ணாடியில் ஒட்டிய சதுரத்தைப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பிரான்சில் முப்பது வருஷம் அப்படித்தான் ஓடியது. சொந்தக் காரும், வீடும் எல்லாம் அப்படித்தான். இங்கே வந்து முதல் வருடத்துக்கு ஏஜென்டிடம் செக் கொடுத்து, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அதோடு காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டார். இங்கே ஒரு வருடம் முடிந்த நள்ளிரவில் எல்லாம் நின்றுபோகும், நாம்தான் போய்த் திரும்ப எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தே எடுக்காமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டே இல்லாமல் ஓட்டியவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏஜென்ட் ராஜ்கமலுக்கு ஃபோன் போயிற்று. மழைக்கோட்டோடு பைக்கில் வந்து சேர்ந்தார்.

“ரெண்டு தபா லெட்டர் வந்திருக்குமே சார், புதுப்பிக்கச் சொல்லி?”

“வந்தது. அங்கயும் வரும். இந்த வருஷமும் தொடருதுன்னு சொல்ற லெட்டர் அது. ஃபைல்ல வச்சிருக்கேன்.” அவருக்குத் தமிழும் பிரெஞ்சும் படிக்க வரும். அந்தக் கடிதம் இங்கிலீஷில் இருந்தது.

ராஜ்கமல் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, அவரையும் என்னையும் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். செல்வாம்பாளும் அதற்குள் ஆட்டோவில் வந்துவிட்டிருந்தார். ராஜ்கமலின் பையில் கவர் நோட்டுப் புத்தகம் இருந்தது. பாலிசி வரும்வரைக்கும் ஏஜென்ட் கையால் எழுதித் தருகிற தற்காலிகச் சீட்டு அது.

“ஸ்டேஷன்ல இன்னும் எதுவும் எழுதல. எஸ்.ஐ. டீ குடிக்கப் போயிருக்காரு. இப்பவே செக் குடுங்க. இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு எடுத்ததா நேரம் போட்டு எழுதிடறேன். அடிபட்டது ஒம்போதுக்கு மேலன்னு சொல்லிடுங்க. இந்தத் தம்பியும் அதையே சொல்லட்டும். அந்தம்மாவுக்கும் நல்லது சார். கம்பெனிக்காரன் குடுக்கறத உங்களால குடுக்க முடியுமா? வீட்ட வித்தாத்தான் முடியும்.”

“குடுங்க” என்றார் செல்வாம்பாள். “ஏங்க, குடுங்க. நின்னுகினு யோசிக்கிற நேரமா இது?”

கிளோத் ஆஸ்பத்திரி வராண்டாவைப் பார்த்தார். அங்கே அம்மாவாசை தரையில் உட்கார்ந்து, மனைவியின் ஈரச் சேலைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரம் என்பதால் எதுவும் கேட்டிருக்காது. கிளோத் கையை நீட்டினார்.

“பேனா குடு.”

நேர்மையானவர் மறுத்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் மறுக்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார். ராஜ்கமல்தான் எழுதப்போன அவர் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

“உள்ள சீட்டு எழுதும்போது நேரம் எதுவும் சொல்லலையே?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

“என்னான்னு?”

“எட்டு அடிக்கப் பத்து நிமிஷம்.”

ராஜ்கமல் புத்தகத்தை மூடினார். “ஏன் சார்? தோராயமா காலைலன்னு சொல்லக் கூடாதா? ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்ல ஏறிப்போச்சே. கம்பெனிக்காரன் மொதல்ல அதத்தான் பாப்பான். மாட்டினா அவங்களுக்கும் சல்லிக்காசு வராது, நீங்களும் உள்ள, நானும் உள்ள.” பேனாவை வாங்கிச் சட்டையில் சொருகிக்கொண்டார். “என்னால ஆவாது சார்.”

மழை விட்டிருந்தது. பைக் சத்தம் ஓயும்வரை மூவரும் நின்றோம். பிறகு கிளோத் நேரே வராண்டாவுக்குப் போய், அம்மாவாசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அஸ்யூரான்ஸ் இல்ல. இருக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன். இல்ல. நான்தான் குடுக்கணும். குடுப்பேன்.”

அம்மாவாசை மடியிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். கூட வந்தவர்கள்தான் கத்தினார்கள்.

“சொல்தாவுக்கு என்னாடா, ராவோட ராவா பிளேன் ஏறிடுவான்!”

“ஏறிட்டான்னா பிரான்சுக்குப் போயா சம்மன் குடுக்கப்போற? காரக் கொளுத்துங்கடா!”

எஸ்.ஐ. வந்து கூட்டத்தைக் கலைத்தார். ஸ்டேஷன் ஜாமீனில் கிளோத்தை விட்டார்கள். கார் ஸ்டேஷன் வாசலில் நின்றது.

வீட்டில் அன்று யாரும் சமைக்கவில்லை. கீழே செல்வாம்பாள் ஃபோனில் மகளோடு பேசி அழுவது மாடிவரை கேட்டது. மகளும் வரத்தான் சொன்னாள் என்பது அழுகையிலிருந்தே தெரிந்தது. டிக்கெட் எடுக்கலாம். வழக்கு என்றால் வருஷக்கணக்கில் ஓடும். பிரெஞ்சு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஏன் உழவர்கரையில் உட்கார்ந்து உதை வாங்க வேண்டும்? காலையில் நான் இறங்கி வந்தபோது கூடத்தில் ஒரு பெட்டி தயாராக இருந்தது, பெல்ட் போட்டுக் கட்டி. நான் அந்தக் காரில் இருந்தவன். நாளைக்கு அம்மாவாசையின் ஆட்கள் வந்து கேட்டால் நிற்க வேண்டியவன் நான்தான்.

“உன் ஃப்ரெண்டோட பைக் கெடைக்குமா தம்பி?” என்றார் கிளோத்.

“எங்க போவணும் மிசே?” தெருவில் எல்லாரும் அவரை மிசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். ஏர்போர்ட் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

“தேங்காய்த்திட்டு.”

“பெட்டி?”

“அது செல்வா கட்டினது. அவ அவுத்துக்குவா.”

துறைமுகத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. படகுகளிலிருந்து மீன் கூடைகள் இறங்க, பெண்கள் விலை கூவ, கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. ஐஸ் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவாசை எங்களைப் பார்த்ததும் கொக்கியை ஓங்கிக்கொண்டு நிமிர்ந்தார். சுற்றி இருந்தவர்கள் ஏலத்தை விட்டுவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். கிளோத் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

“இது உங்கிட்ட இருக்கட்டும். இது இல்லாம நான் பிளேன் ஏற முடியாது.”

அம்மாவாசை அதை விரலால் தொடாமல் பார்த்தார். “இத வச்சிகினு நான் என்னா பண்றது? மீன் மடிக்கிறதா?”

“நான் குடுக்க வேண்டியத குடுத்து முடிக்கிற வரைக்கும் வச்சிரு.”

“ரெண்டு வச்சிருப்ப நீ.”

“ஒண்ணுதான் குடுப்பான்.”

“பாஸ்போர்ட் கவர்மெண்ட் சொத்து மிசே, இப்படி யார்கிட்டயும் குடுக்கக் கூடாது” என்று நான் மெதுவாகச் சொன்னேன். “நீ சும்மா இரு” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அம்மாவாசை கையை லுங்கியில் துடைத்து, பாஸ்போர்ட்டை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அப்புறம் எல்லாம் மெதுவாக நடந்தது. தனக்கொடிக்கு ஆப்பரேஷன் ஆயிற்று. பிளேட், மருந்து, ஸ்கேன் எல்லாம் கிளோத்தின் கையிருப்பிலிருந்து போனது. புண் சீழ் பிடித்து மறுபடி ஆப்பரேஷன். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குக் கோர்ட்டில் விதித்த அபராதம், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு நல்ல பூட்ஸ் விலைகூட இல்லை. நிஜமான தண்டனை வேறு இடத்திலிருந்து வந்தது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தனக்கொடி மனுப் போட்டாள். மற்ற வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் வந்து நிற்கிற இடத்தில், இந்த வழக்கில் கிளோத் மட்டும் தனியாக நின்றார். அலெக்சாந்த்ராவுக்குக் குழந்தை பிறந்தது. செல்வாம்பாள் தனியாகப் போய் வந்தார். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சொல்லி வேறு வாங்கிக்கொள்ளலாமே என்று நான் ஒருநாள் சொன்னேன். “அப்ப அம்மாவாசை சொன்னது சரியாப்பூடும். ரெண்டு வச்சிருந்தவனாயிடுவேன்” என்றார்.

இதற்கு நடுவில் ஓய்வூதியத்துக்கான உயிர்ச் சான்று கொடுக்கும் காலம் வந்தது. வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியர்கள் வருடத்துக்கு ஒருமுறை தூதரகத்துக்குப் போய், பாஸ்போர்ட்டைக் காட்டி, தாங்கள் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பணம் நின்றுவிடும். பணம் நின்றால் தனக்கொடியின் மருந்தும் நின்றுவிடும். பாஸ்போர்ட்டோ அம்மாவாசையிடம்.

கடைசி நாள்வரை அம்மாவாசை பிடிகொடுக்கவில்லை. அன்று காலை நானும் கிளோத்தும் மறுபடி துறைமுகத்துக்குப் போனோம். யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்: தூதரகத்துக்குள் காலை வைத்தால் அது பிரான்சு மண், உள்ளே நம் போலீஸ்கூட நுழைய முடியாது, கையில் பாஸ்போர்ட்டோடு உள்ளே போனவன் அப்படியே போய்விடுவான்.

“நீ உள்ள போயி அந்தப் பக்கம் பூந்துட்டா நான் கடல்ல நீந்தியா வர்றது?” என்றார்.

“அந்தப் பக்கம் எதுவும் இல்லயா. ஒரு ஆபீசு, ஒரு ஜன்னல், ஒரு பேனா. அவ்ளோதான். நான் இன்னிக்குக் கையெழுத்துப் போடலன்னா எனக்குப் பணம் வராது.”

“எம்பொஞ்சாதி இன்னும் கோல் ஊனிகினு நடக்கறா. உன் பணத்தப் பத்தி எங்கிட்ட பேசாத.”

வெறுங்கையோடு திரும்பினோம். ஆனாலும் கிளோத் வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரை ஓரத் தெருவில், தூதரகத்து மதிலுக்கு எதிரே நிழலில் நின்றுகொண்டார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ. அவர் வயசுக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். “என்னாபா கிளோத், உயிரோட இருக்கிறியா இல்லியா? உள்ள வா” என்று ஒருவர் கிண்டலடித்தார். பன்னிரண்டு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள். பதினொன்றரை தாண்டியிருந்தது.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஊன்றுகோல் இறங்கியது. பிறகு தனக்கொடி. கையில் சாப்பாட்டுக் கூடை.

“அவரு குடுக்கமாட்டேன்னுட்டாரு. அரிசிப் பானையில வச்சிருந்தாரு. நான் எடுத்தாந்துட்டேன்.” மூச்சு வாங்கியது. கூடையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள், கொடுக்கவில்லை. “கருணைன்னு நெனைக்காத. உனுக்குப் பணம் நின்னா எனுக்கு மருந்து நிக்கும். நானும் கூட வர்றேன்.”

கேட்டில் இருந்த காவலாளி அவளை விடவில்லை. உள்ளே போகச் சீட்டு உள்ளவர்கள் மட்டும்தான். கிளோத் பிரெஞ்சில் என்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

தனக்கொடி பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிளோத்தைப் பார்த்தாள். அவர் சத்தியம் செய்யவில்லை. இதற்கு முன் ஒரு வார்த்தை கொடுத்து அது என்னவாயிற்று என்பது இருவருக்கும் தெரியும். கடைசியில் அவளே நீட்டினாள். அவர் உள்ளே போக, கேட் சாத்திக்கொண்டது.

நானும் அவளும் எதிர்ப்புற நடைபாதையில் உட்கார்ந்தோம். வேலை முடிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவர் வரவில்லை. கோலை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“தம்பி, நீ படிச்ச புள்ள. உள்ள வேற வாசல் இருக்குதா?”

“தெரியலக்கா.”

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பெல்ட் போட்டுக் கட்டிய அந்தப் பெட்டி என் கண்ணுக்குள் வந்து வந்து போனது. பேனா மூடியைத் திறந்த கையும் வந்தது. பேரக் குழந்தையை அவர் இன்னும் பார்க்கவில்லை. பன்னிரண்டு அடித்தது. காவலாளி பெரிய கேட்டை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார். தனக்கொடி எழுந்து, கோலை ஊன்றாமல் இரண்டடி நடந்துவிட்டாள்.

“ஐயோ, வூட்ல என்னா சொல்லுவேன் நான்” என்றாள்.

பக்கத்துச் சின்னக் கதவு திறந்தது. கிளோத் கடைசி ஆளாக வெளியே வந்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்தார், கடக்கும்போதும் இருபுறமும் பார்த்து.

“எங்க போயிட்ட?” தனக்கொடியின் குரல் உடைந்திருந்தது.

“எங்கயும் இல்ல. லைன்ல எனக்கு முன்னாடி ஊர்ப்பட்ட கெழவனுங்க. அத்தன பேரும் உயிரோட இருக்கானுங்க.”

பாஸ்போர்ட்டை அவளிடம் கொடுத்தார். அவள் சிரிக்கவில்லை. வாங்கிக் கூடைக்குள் சோற்றுத் தூக்குக்கு அடியில் வைத்தாள். “அடுத்த வருசமும் நான்தான் எடுத்தாருவேன். அவருகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்று சொல்லிவிட்டு, ஆட்டோவுக்குப் போனாள்.

அடுத்த வருடமும் அவள்தான் வந்தாள். அம்மாவாசையும் கூட வந்து, எதிர்ப்புறத்தில் பீடி குடித்துக்கொண்டு நின்றார். இரண்டாயிரத்து எட்டு கடைசியில், இழப்பீடு முழுவதையும் கிளோத்தே கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்தால் இன்னும் ஐந்து வருஷம் இழுக்கலாம் என்றார் வக்கீல். கிளோத் வீட்டின் முன்பாதியை, என் மாடி அறையோடு சேர்த்து, விற்றுவிட்டார். தீர்ப்பாயத்தில் முழுத்தொகையையும் கட்டிய அன்று, அங்கேயே வராண்டாவில் வைத்து அம்மாவாசை பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிளாஸ்டிக் கவர் மாறியிருந்தது. அரிசி வாசனை போகவில்லை.

தனக்கொடி இப்போது கோல் இல்லாமல் நடக்கிறாள். வலது கால் கொஞ்சம் இழுக்கும். நின்று செய்கிற வேலை முடியாது. தொழிற்பேட்டையில் உட்கார்ந்து பேக்கிங் செய்கிறாள். எங்கள் கம்பெனிக்கு அடுத்த கம்பெனிதான், காலையில் டெம்போவிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்தால் தலையசைப்பாள். கிளோத் ஆதிமூலம் உழவர்கரை வீட்டின் பின்பாதியில் இரண்டு அறைகளில் மனைவியோடு இருக்கிறார். பேத்தியை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். காரை விற்றுவிட்டார். எங்கே போனாலும் நடந்துதான் போகிறார். சிக்னலில் இன்னும் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறார்.